ஒரே அக்கவுண்ட், இரண்டு வீடு

மூக்குக் கண்ணாடிக் கடையின் முன்பக்கம் பூராவும் விளக்கு வெளிச்சமாக இருக்கும். சுவர் நிறையச் சட்டங்கள், ஆளுயரக் கண்ணாடி, அதன் முன்னால் நின்று எதைப் போட்டாலும் மூக்கு பெரிதாகத் தெரிகிறதே என்று தவிக்கிற வாடிக்கையாளர்கள். அந்தத் தவிப்பெல்லாம் முடிந்து ஒரு சட்டம் தேர்வானதும் அது பின்னறைக்கு வரும். பின்னறை லென்ஸ் அக்காவின் ராஜ்ஜியம். நீளமான ஒரு மேஜை, தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே லென்ஸின் ஓரத்தைத் தேய்க்கும் இயந்திரம், சட்டத்தை இளக்குவதற்குச் சூடான காற்று ஊதும் ஒரு சின்னப் பெட்டி. கண்மணி எங்கே வருமோ அங்கே லென்ஸில் ஒரு புள்ளி வைப்பாள். பிறகு இயந்திரத்தில் மாட்டித் தேய்த்து, சட்டத்துக்குள் கட்டைவிரலால் அழுத்துவாள். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் சரியாக வந்தால்தான் அவளுக்கு மூச்சே வரும்.

கடையில் எல்லோருக்கும் அவள் லென்ஸ் அக்காதான். அவளைவிட மூத்தவரான முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார். வயது நாற்பத்தெட்டு. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "கேட்டு வந்தாங்க. நான் அப்போ கொஞ்சம் வேலையா இருந்தேன்" என்பாள். அதற்கு மேல் கேட்க யாருக்கும் வாய் வராது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மூன்றாவது மாடி, ஒரே ஒரு பெரிய அறை, ஓரத்தில் சமையல் மேடை. செருப்பைக் கழற்றி, டீ போட்டு, கோப்பையோடு சோபாவில் உட்கார்ந்து, டிவிக்குக் கீழே இருக்கும் பெட்டியின் பொத்தானை அழுத்துவாள். ஆமாம், வீடியோ கேம்தான். சுடுவது, வெட்டுவது எல்லாம் அவளுக்கு ஆகாது. ரயில் ஓட்டுவாள், தோட்டம் போடுவாள், தீவு தீவாகக் கப்பலில் சரக்கு கொண்டுபோவாள். கீழ்வீட்டு அம்மாவுக்கு இது தெரியவந்தபோது மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்.

"இந்த வயசுல கேம் விளையாடறீங்களாமே?"

"நீங்க சீரியல் பாக்கறீங்க இல்ல? அதுல யார் என்ன அநியாயம் பண்ணாலும் உங்களால தடுக்க முடியாது. இதுல நான் திருப்பினா கப்பல் திரும்பும்."

கீழ்வீட்டு அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்று போய்விட்டார்.

இந்தப் பழக்கம் தம்பியால் வந்தது. லிப்ட் பழுதுபார்க்கும் வேலை அவனுக்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்காவோடுதான் இருந்தான். அப்போது இருவரும் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கினார்கள். அவனுக்குக் கல்யாணமாகி ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடி போனபோது அவன் தனக்கென்று இன்னொரு பெட்டி வாங்கிக்கொண்டான். பெட்டிதான் இரண்டானதே தவிர டிஸ்க்குகள் பிரியவில்லை. ஒரு டிஸ்க் வாங்கினால் அது யார் வாங்கியது என்பது அடுத்த மாதமே இருவருக்கும் மறந்துபோகும். முதலில் யார் விளையாடுவது என்பதில்தான் அடிதடி.

ஞாயிற்றுக்கிழமை தோறும் தம்பி ஒரு துணிப்பையில் டிஸ்க்குகளைப் போட்டுக்கொண்டு வருவான்.

"முடிச்சிட்டியா பெருசு?" அக்காவை அவன் கூப்பிடுவது அப்படித்தான்.

"இன்னும் இல்லடா."

"வாரம் பூரா என்னதான் பண்ணிட்டிருந்த?"

"வேலைக்குப் போய்ட்டிருந்தேன். உனக்கு அந்தப் பழக்கம் இல்லையோ?"

முடித்ததோ முடிக்காததோ, டிஸ்க் கைமாறும். போகும்போது பையில் அக்கா செய்த பலகாரம் ஏதாவது கூடவே போகும். ஒன்றில் மட்டும் அவள் கறார். தம்பி டிஸ்க்கைச் சட்டை நுனியில் தேய்ப்பான். அதைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "லென்ஸைத் தேய்க்கற மாதிரி வட்டமா தேய்க்காதே. நடுவுலேர்ந்து வெளிய பாத்து ஒரே இழுப்பு" என்று பிடுங்கி, கடையிலிருந்து கொண்டுவந்த மெத்தென்ற துணியால் தானே துடைத்துக் கொடுப்பாள்.

தம்பிக்கு எதுவும் புதிதாக வந்தால் கை சும்மா இருக்காது. இரண்டு வருடங்களுக்கு முன் அக்காவின் பிறந்தநாளைக்கு ஒரு புதுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். வெள்ளையாக, ஒல்லியாக, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அவள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு வாய் எங்கடா?"

"வாய் கிடையாதுக்கா. இது நேரா வயித்துக்கே எடுத்துக்கும்."

"ட்ரிப்ஸ் ஏத்தற மாதிரியா?"

"அதேதான்!"

டிஸ்க் இல்லாத பெட்டி அது. விளையாட்டை இணையத்தில் வாங்க வேண்டும்; கம்பி வழியாகத் தானாகவே வந்து இறங்கிவிடும். தன் பெயரில் இருந்த அக்கவுண்ட்டை அவன் அவள் பெட்டியிலும் போட்டான். அந்த அக்கவுண்ட்டின் முதன்மைப் பெட்டி அக்கா வீட்டில் இருப்பதுதான் என்று பதிவு செய்தான். அப்படிச் செய்தால் அவன் வாங்குகிற எல்லாம் அவள் வீட்டில் தன்னால் திறக்குமாம். அவன் வீட்டில் அவன் தன் பெயரில் உள்ளே போய் விளையாடிக்கொள்வானாம். அவளுக்கென்று 'பெருசு' என்றே ஒரு தனிப் பெயரும் வைத்துக் கொடுத்தான்.

"ஒரு கேம் வாங்கினா போதும், ரெண்டு வீட்டுலயும் ஓடும். ஒரே நேரத்துல ஓடும். இனிமே உனக்கும் எனக்கும் சண்டையே கிடையாது."

"பாஸ்வேர்டு?"

"நீயே சொல்லு."

அவள் சொன்னாள். அவன் போட்டான். அதன் பிறகு அவள் வாங்கினாலும் அவன் வாங்கினாலும் எல்லாம் அந்த ஒரே அக்கவுண்ட்டில்தான் சேர்ந்தன.

உண்மையைச் சொன்னால், லென்ஸ் அக்காவுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். கீறல் விழுமோ என்ற பயம் இல்லை. அலமாரியில் இடமும் அடைக்கவில்லை. பழைய பெட்டியை ஒரு துணியில் சுற்றி அலமாரி மேலே வைத்துவிட்டாள். டிஸ்க்குகள் அந்தச் சமயம் தம்பி வீட்டில் இருந்தன. அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். ஒன்றே ஒன்றுதான் அவள் எதிர்பாராதது. டிஸ்க் கொண்டுவருகிற வேலை போனதும் தம்பி வருவதும் மெல்ல மெல்லக் குறைந்தது. வாரம் ஒருமுறை என்பது மாதம் ஒருமுறையாயிற்று. அதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. தானாக அப்படி ஆயிற்று.

சண்டை வந்தது அவன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். ஒரு விடுமுறை நாள். தம்பியின் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், நிதானமான பெண். கணவனின் அக்காவை வாய் நிறைய "அண்ணி" என்பாள். அன்று அவள் பரிமாறிக்கொண்டிருக்கும்போது லென்ஸ் அக்கா சாதாரணமாகத்தான் பேச்சை எடுத்தாள்.

"அந்தப் பழைய கப்பல் டிஸ்க்கைக் கொஞ்சம் எடுத்துக் குடுடா. மறுபடியும் விளையாடணும் போல இருக்கு. பழைய பெட்டியை இறக்கி மாட்டிக்கறேன்."

தம்பி சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "அதெல்லாம் கடையில குடுத்துட்டேனேக்கா. என் புதுப் பெட்டியை வாங்கறப்போ பழசையெல்லாம் எடுத்துக்கிட்டாங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாம்தான். தூசி படிஞ்சு கிடந்துச்சு."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

"இதுல என்னக்கா கேக்கறது? வேணும்னா ஆன்லைன்ல வாங்கிக்கலாம்."

"தேடிப் பாத்துட்டேன். அங்க இல்ல. எடுத்துட்டாங்க."

அது நிஜம். அந்த விளையாட்டில் வருகிற பாட்டுகளுக்கான உரிமை முடிந்துபோனதால் கம்பெனியே அதை இணையக் கடையிலிருந்து தூக்கிவிட்டது. முன்பே இணையத்தில் வாங்கியவர்கள் வைத்துக்கொள்ளலாம். புதிதாக யாரும் வாங்க முடியாது. இவர்களிடம் இருந்ததோ டிஸ்க் மட்டும்தான்.

"சரி விடுக்கா, ஒரு பழைய கேம்."

"அதுல பாதி என்னுது."

"எது பாதி? உடைச்சா குடுக்க முடியும்?" என்று அவன் சிரித்தான்.

வேறு நாளாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள். அன்று சிரிப்பு வரவில்லை. அவன் எட்டிப் பார்ப்பது குறைந்துபோனதும் சேர்ந்துகொண்டது போலும். "நீ எப்பவும் இப்படித்தான். உன் தேவை முடிஞ்சா பொருளும் குப்பை, மனுஷங்களும் குப்பை" என்று சொல்லிவிட்டாள்.

தம்பியின் முகம் இறுகியது. "நீ இன்னிக்கு எங்களைப் பாக்க வந்தியா, டிஸ்க்கை எடுத்துட்டுப் போக வந்தியா? அதைச் சொல்லு முதல்ல."

அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினாள். தம்பி மனைவி வாசல் வரை ஓடிவந்து கையைப் பிடித்தும் நிற்கவில்லை.

அதோடு பேச்சு நின்றது. போன் இல்லை, வருகை இல்லை. தம்பி மனைவி மட்டும் எப்போதாவது, "நல்லா இருக்கீங்களா அண்ணி?" என்று கேட்டு ஒரு செய்தி அனுப்புவாள். "இருக்கேன்மா" என்று பதில் போகும்.

ஆனால் அக்கவுண்ட் ஒன்றுதானே! சண்டை நடந்து சில நாள் கழித்து அவள் பெட்டியைத் திறந்தால் வரிசையில் புதிதாக ஒரு படம் நின்றது. பழைய காலத்து ரயில் நிலையம் ஒன்றை நடத்துகிற விளையாட்டு. தம்பிக்கு ரயில் என்றாலே கொட்டாவி வரும். யாருக்காக வாங்கினான் என்று அவளுக்குப் புரியாமல் இல்லை. "லஞ்சம் குடுக்கறானா?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு டிவியை அணைத்தாள். ரோஷம் நாலைந்து நாள் தாக்குப்பிடித்தது. பிறகு ஒரு சாயங்காலம் சும்மா திறந்துதான் பார்ப்போமே என்று திறந்தாள். டீ ஆறிப்போய் ஆடை கட்டியது கூடத் தெரியவில்லை.

அடுத்த சம்பளத்தில், அவன் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த லாரி பந்தய விளையாட்டை பாஸ்வேர்டு போட்டு வாங்கி வைத்தாள். மறுநாளே நண்பர்கள் பட்டியலில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. லாரி ஓட்டிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. ஒரு வார்த்தை பேசவில்லை. இவள் வாங்குவது, அவன் விளையாடுவது, அவன் வாங்குவது, இவள் விளையாடுவது என்று போயிற்று. கோபம் இருந்தால் அவன் ஒரு நிமிடத்தில் பாஸ்வேர்டை மாற்றி அவளை வெளியே தள்ளிவிடலாம். தள்ளவில்லை. அதை நினைத்துக்கொண்டால் அவளுக்கு மனசு கொஞ்சம் லேசாகும். ஆனாலும் முதலில் போன் செய்ய வேண்டியவன் அவன்தான் என்ற எண்ணம் மட்டும் அசையவில்லை.

அப்படி இருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டியைத் திறந்தாள். எல்லாப் படங்களின் மேலும் ஒரு சின்னப் பூட்டு. ரயில் நிலையத்தில் பூட்டு, தோட்டத்தில் பூட்டு, போன மாதம் அவளே வாங்கியதிலும் பூட்டு. ஏதோ கோளாறு என்று நினைத்து பாஸ்வேர்டைப் போட்டாள். தவறு என்றது. ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். அதற்கும் தவறு என்றது.

மாற்றிவிட்டான்.

லென்ஸ் அக்கா சோபாவில் சாய்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளையாட்டுகள் போனது ஒரு வருத்தம்தான். ஆனால் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது அது இல்லை. இத்தனை நாள் திறந்து கிடந்த ஒரு கதவை அவன் எழுந்துபோய்ச் சாத்தியிருக்கிறான் என்பதுதான். அவன் டிஸ்க்கைக் கடையில் கொடுத்துவிட்டதைக் கேட்டபோது வந்தது போலக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் கடையில் வலது கண்ணுக்குத் தேய்க்க வேண்டிய லென்ஸை இடது சட்டத்துக்குத் தேய்த்துவிட்டாள். உள்ளே அழுத்தினால் 'டக்' என்ற சத்தம் வரவில்லை. முதலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன லென்ஸக்கா, யாருக்காவது மூணாவது கண்ணு செய்யறீங்களா?"

"என் தப்புதான் சார். வேற போட்டுடறேன்."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு."

புது லென்ஸ் எடுத்து, புள்ளி வைத்து, நிதானமாகத் தேய்த்து முடித்தாள். பிறகு வீட்டுக்குப் போகவில்லை. பாலத்தைத் தாண்டிப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். என்ன கேட்க வேண்டும் என்பதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஊரில் உள்ள லிப்ட்டையெல்லாம் சரிசெய்கிறவனின் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. மூச்சு வாங்க ஏறி, அழைப்பு மணியை அழுத்தினாள்.

தம்பிதான் திறந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகத்தில் வந்தது வெட்கமும் இல்லை, சங்கடமும் இல்லை. சுத்தமான கோபம்.

"வா. நீயே வந்துட்டியா? வந்து சொல்லு. என்ன கோபம்னாலும் இப்படியா செய்வாங்க?"

மனசுக்குள் தயார்செய்து வைத்திருந்ததெல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று. "நானா? செய்யறதையும் செஞ்சுட்டு என்னைக் கேக்கறியா?"

"நான் என்ன செஞ்சேன்?"

"பாஸ்வேர்டை மாத்தினியா இல்லையா?"

"பாஸ்வேர்டை மாத்தினது நீ! நேத்திலேர்ந்து உள்ள போக முடியாம நான் உக்காந்திருக்கேன். நான் வாங்கின லாரியைக் கூட ஓட்ட முடியல."

"லாரியை வாங்கினது நான்!"

சமையலறையிலிருந்து தம்பி மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அண்ணி, முதல்ல உள்ள வாங்க. படியேறி வந்தவங்களுக்குத் தண்ணி கூடக் குடுக்காம வாசல்லயே ஆரம்பிச்சுட்டாரு. நீங்களும் மாத்தலை, அவரும் மாத்தலைன்னா அப்புறம் மாத்தினது யாரு?"



தம்பி மனைவிதான் அவன் போனை வாங்கி மின்னஞ்சல்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். செருப்புத் தள்ளுபடிக்கும் பல்பசை விளம்பரத்துக்கும் நடுவே அது கிடந்தது. உங்கள் பாஸ்வேர்டு மாற்றப்பட்டுள்ளது. இது நீங்கள் இல்லையென்றால் உடனே தெரிவிக்கவும். எங்கிருந்து மாற்றினார்கள் என்ற இடத்தில் இவர்கள் யாரும் கேள்விப்பட்டே இராத ஏதோ ஓர் ஊர்ப் பெயர்.

"திருட்டு" என்றாள் தம்பி மனைவி. "எவனோ உள்ள புகுந்து எடுத்துட்டான். நீங்க ரெண்டு பேரும் இங்க ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுக்கறீங்க."

கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டு, சத்தமாகக் கேட்கும்படி மேஜை மேல் வைத்தார்கள். ஒரே ராகத்தில் பியானோ திரும்பத் திரும்ப வாசித்தது. மூவரும் அதைச் சுற்றி, ஆபரேஷன் அறைக்கு வெளியே காத்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். ஒருவழியாக ஒரு பெண் குரல் வந்தது. தம்பி விவரம் சொன்னான். பெயர், பிறந்த தேதி, கடைசியாக வாங்கிய விளையாட்டு எல்லாம் கேட்டாள்.

"இந்த அக்கவுண்ட்டை உங்களைத் தவிர வேற யாராவது பயன்படுத்தறாங்களா சார்?"

"எங்க அக்கா."

"அவங்க உங்ககூட ஒரே வீட்டுல இருக்காங்களா? ஏன்னா பாஸ்வேர்டை வீட்டுக்கு வெளிய பகிர்ந்துக்கறது விதிமுறைக்கு மாறானது சார்."

தம்பி விழித்தான். பொய் சொல்ல அவனுக்கு எப்போதுமே வராது, காது சிவந்துவிடும். லென்ஸ் அக்கா போன் பக்கம் குனிந்தாள்.

"ஒரே வீடுதாங்க. நடுவுல ஒரு ஆறு ஓடுது, அவ்வளவுதான்."

அந்தப் பெண் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரிங்க மேடம், குடும்பம்னு போட்டுக்கறேன்" என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது.

விசாரித்து முடிக்கச் சில வாரம் ஆகும், அதுவரை அக்கவுண்ட்டை யாரும் திறக்க முடியாதபடி நிறுத்திவைக்கிறோம், திருடியவனாலும் முடியாது என்றாள்.

"அதுவரைக்கும் நாங்க வாங்கினதெல்லாம்?" என்று லென்ஸ் அக்கா கேட்டாள்.

"மேடம், நீங்க வாங்கினது விளையாடறதுக்கான அனுமதி. அக்கவுண்ட் திரும்பக் கிடைச்சா அதுவும் கிடைச்சிடும்."

"கிடைக்கலைன்னா?"

"முடிஞ்ச அளவு முயற்சி பண்றோம் மேடம்."

போனை வைத்தார்கள். தம்பி மனைவி டீ போட எழுந்து போனாள்.

"இத்தனை வருஷமா சொந்த வீடுன்னு நினைச்சுட்டு இருந்தோம். வாடகை வீடுதான் போல" என்றாள் லென்ஸ் அக்கா. "டிஸ்க்கா இருந்தா திருடன் வீட்டுக்குள்ள வந்துதான் எடுத்திருக்கணும்."

"திருடன் எதுக்கு? நானே தூக்கிட்டுப் போய்க் குடுத்துட்டேனே" என்றான் தம்பி. தலை குனிந்திருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னான். "நீ கோச்சுக்கிட்டுப் போன மறுநாளே கடைக்குப் போனேன்க்கா. கப்பல் டிஸ்க்கையாவது திருப்பி வாங்கலாம்னு. முந்தின வாரம்தான் யாரோ ஒருத்தர் கடை கடையாத் தேடி வந்து அதை வாங்கிட்டுப் போனாராம்."

"இதை ஏன்டா சொல்லல?"

"வெறுங்கையோட வந்து என்ன சொல்றது? ஒரு டிஸ்க்காவது கையில இருந்தா வந்திருப்பேன்."

அவள் அவனையே பார்த்தாள். கோடு போட்ட பனியன், முன்னந்தலையில் லேசாக வழுக்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் துணிப்பையோடு வந்து நின்றவன். கையில் எதுவும் இல்லாவிட்டால் வரக்கூடாது என்று எப்போது நினைக்க ஆரம்பித்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. நாமும்தானே டிஸ்க் வேண்டுமென்று சொல்லிக்கொண்டு இங்கே வந்தோம் என்றும் தோன்றியது.

"தேடி வந்து வாங்கினாருன்னா நல்லா விளையாடற ஆளாத்தான் இருப்பாரு. போகட்டும்" என்றாள். பிறகு, "அன்னிக்கு மனுஷங்களும் குப்பைன்னு சொன்னேன் பாரு, அது சொல்லக்கூடாத வார்த்தை. வாய் தவறிடுச்சு" என்றாள்.

"உன் வாய் என்னிக்குத் தவறாம இருந்துச்சு?"

"அடி வாங்குவே."

டீ வந்தது. தம்பி மனைவி இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் சர்க்கரையை நகர்த்தி வைத்தாள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவருமாகப் பழைய டிஸ்க் விற்கும் ஒரு கடைக்குப் போனார்கள். தம்பியின் பெட்டியில் டிஸ்க் போட இடம் உண்டு. அக்கவுண்ட் திரும்பும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது என்று ஒன்றே ஒன்று வாங்கினார்கள். வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் தூக்கிக் கொடுக்கிற விளையாட்டு. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு கட்டிலையும் பீரோவையும் படிக்கட்டு வழியாக இறக்க வேண்டும். ஒருத்தர் இடது பக்கம் இழுத்து இன்னொருத்தர் வலது பக்கம் தள்ளினால் பீரோ ஜன்னல் வழியாகப் போய்விடும். முதல் நாளே அக்காவும் தம்பியும் சேர்ந்து நாலு வீட்டின் ஜன்னலைக் காலி செய்தார்கள். "தள்ளுடா!" "நீ திருப்புக்கா!" என்ற கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, யாராவது வீடு காலி செய்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். அதுவரை கேம் பக்கமே தலைவைத்துப் படுக்காத தம்பி மனைவி, சும்மா ஒரு தடவை பிடித்துப் பார்க்கிறேன் என்று கன்ட்ரோலரைக் கையில் வாங்கினாள். மருந்துச் சீசாக்களை அடுக்கிப் பழகிய கை. ஒரு கீறல் விழாமல் பியானோவைத் தெருவுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

அக்கவுண்ட் திரும்பி வர ஒன்றரை மாதம் போல ஆயிற்று. விளையாட்டுகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஆனால் திருடியவன் தன் பெட்டியை முதன்மைப் பெட்டி என்று பதிவு செய்து வைத்திருந்தான். அதை உடனே மாற்ற முடியாது, குறிப்பிட்ட காலம் கழிந்துதான் மாற்றலாம் என்று கம்பெனி கைவிரித்தது. அதுவரை ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்கலாம். இன்னொருவர் நுழைந்தால் முதல் ஆள் வெளியே வந்து விழ வேண்டியதுதான். அதனால் சாயங்காலமானால் போன் அடிக்கும்.

"உள்ள இருக்கியாக்கா?"

"ரயில் வந்துட்டிருக்குடா. அது நின்னதும் இறங்கிக்கறேன்."

"எத்தனை பெட்டி?"

"சரக்கு ரயில். நீ போய்ச் சாப்பிட்டுட்டு வா."

சில நாள் ரயில் நின்ற பிறகும் பேச்சு நிற்காது. முதலாளியின் ஜோக்கு, பாதியில் நின்ற லிப்ட்டுக்குள் பிரசங்கம் செய்த வக்கீல், கீழ்வீட்டு அம்மாவின் சீரியல் என்று போய்க்கொண்டே இருக்கும். இருவருமே விளையாடாமல் தூங்கப் போன நாள்களும் உண்டு.

மாற்றுகிற காலம் வந்ததும் தம்பி கேட்டான். "பழையபடி உன் பெட்டியையே முதன்மையாப் போட்டுடவா?"

"போடு போடு. தினம் உன்கிட்ட அனுமதி வாங்கி விளையாடணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"

பூட்டெல்லாம் கழன்றன. பாஸ்வேர்டும் புதிதாயிற்று, இந்த முறை அதைத் தம்பி மனைவி தேர்ந்தெடுத்தாள், நீங்கள் இருவரும் வைத்தால் எவனும் யூகித்துவிடுவான் என்றாள். லென்ஸ் அக்காவும் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். சும்மா பொழுதுபோக்குக்கு இணையத்தில் வாங்கலாம். மனசுக்கு நெருக்கமானது என்று தோன்றினால் அதை டிஸ்க்காக வாங்கிவிட வேண்டும். அலமாரி மேலிருந்த பழைய பெட்டியைத் தூசி தட்டி இறக்கி, வெள்ளைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தாள். தம்பி அதைப் பார்த்து, மாமியாரையும் மருமகளையும் ஒரே அறையில் வைத்த மாதிரி இருக்கிறது என்றான்.

கண்ணாடிக் கடையில் ஒரு மத்தியானம் சட்டத்தை இளக்கிக்கொண்டிருந்தபோது அவளுக்குப் போன் வந்தது. தம்பி மனைவி.

"அண்ணி, வேலையா இருக்கீங்களா? கேம்ல அந்த மூணாவது மாடி வீடு இருக்கு இல்ல, எல் மாதிரி இருக்கற சோபா படிக்கட்டுல மாட்டிக்கிச்சு. முன்னாலயும் வரல, பின்னாலயும் போகல."

"நிமித்திப் பிடிச்சியா?"

"நான் நிமித்தினேன். உங்க தம்பி கவுத்துட்டாரு."

"அவன் கையில குடுக்காதே. அப்படியே விட்டு வை, ஞாயித்துக்கிழமை வந்து நாம ரெண்டு பேரும் இறக்கலாம்."

"அப்போ அவரு?"

"அவன் டீ போடட்டும்."

போனை வைத்துவிட்டு, சட்டத்தின் சூட்டை விரலால் தொட்டுப் பார்த்து, லென்ஸைக் கையில் எடுத்தாள்.